நேப்பிள்ஸில் இரண்டு நாள்: பொம்பெயியா, ஹெர்குலேனியமா?

இத்தாலிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் போகிறவர்கள் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் என்று நாட்களைப் பங்கிட்டுவிட்டு, மிஞ்சுகிற ஒன்றிரண்டு நாளைத்தான் தெற்குக்கு ஒதுக்குகிறார்கள். அந்த ஒன்றிரண்டு நாளில் நேப்பிள்ஸ் பக்கம் எதைப் பார்ப்பது, எதை விடுவது? பலர் செய்வது, ரோமிலிருந்து காலையில் கிளம்பி, பொம்பெயியை அவசர அவசரமாகச் சுற்றிவிட்டு, ராத்திரியே திரும்பிவிடுவது. நான் சொல்வது வேறு. நேப்பிள்ஸ் ஊருக்குள்ளேயே இரண்டு இரவு தங்குங்கள். ஒரு நாளை அங்குள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கும் பழைய ஊருக்கும் கொடுங்கள். இன்னொரு நாளில், வெசுவியஸ் எரிமலை புதைத்த பழைய ரோமானிய ஊர்களான பொம்பெயி, ஹெர்குலேனியம் இரண்டில் ஒன்றை மட்டும் பாருங்கள். முதல்முறை போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஒன்று ஹெர்குலேனியமாக இருப்பதே நல்லது.

பொம்பெயி என்ற பெயரைக் கேட்டுத்தானே அவ்வளவு தூரம் போகிறோம், அதைப் போய் விடச் சொல்வதா என்று தோன்றும். நியாயமான கேள்வி. பொம்பெயியைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தகுந்த ஆட்களும் உண்டு. அவர்களைப் பற்றியும் பின்னால் சொல்கிறேன். முதலில் இந்த இரண்டு ஊர்களும் ஏன் இவ்வளவு வேறுபட்டுக் கிடக்கின்றன என்பது தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

ஒரே எரிமலை, இரண்டு விதமான அழிவு

கி.பி. 79-இல் வெசுவியஸ் வெடித்தது. ஆகஸ்ட் 24 என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2018-இல் பொம்பெயி வீடொன்றின் சுவரில் அக்டோபர் மாதத் தேதியோடு கரிக்கட்டையால் எழுதிய வரி ஒன்று கிடைத்த பிறகு, இலையுதிர் காலத்தில்தான் நடந்திருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அன்று காற்று தென்கிழக்கே வீசியது. மலைக்குத் தென்கிழக்கில் இருந்த பொம்பெயி மேல் நுரைக்கல்லும் சாம்பலும் மணிக்கணக்கில் மழையாகக் கொட்டின. பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்தன, மாடிகள் சரிந்தன. மறுநாள் காலை கொதிக்கும் சாம்பல் மேகம் ஊருக்குள் புகுந்தபோது மிச்சமிருந்தவர்கள் இறந்தார்கள். ஊர் மொத்தமும் 4 முதல் 6 மீட்டர் ஆழத்துக்கு மூடிப்போனது. மூடியது உதிரியான பொருள் என்பதால் பின்னாளில் தோண்டுவது எளிதாக இருந்தது.

மலைக்கு மேற்கே, கடலோரத்தில் இருந்த ஹெர்குலேனியத்தில் முதல் நாள் பெரிதாக ஒன்றும் விழவில்லை. இரவில்தான் வினை வந்தது. பல நூறு டிகிரி வெப்பத்தில் வாயுவும் சாம்பலும் கலந்த அலைகள் மலைச்சரிவில் பாய்ந்து இறங்கின. ஒன்றன்மேல் ஒன்றாக வந்த அந்த அலைகள் ஊரைச் சுமார் 20 மீட்டர் ஆழத்தில் புதைத்து, பாறையாக இறுகிவிட்டன. காற்றுப் புகாத அந்தச் சூட்டில் மரம் எரியாமல் கரியாக மாறியது. அதனால்தான் பொம்பெயியில் இல்லாத கதவும் உத்தரமும் கட்டிலும் தொட்டிலும் இங்கே மிஞ்சின. மாடிகள்கூடப் பல இடங்களில் அப்படியே நிற்கின்றன.

பொம்பெயியில் ஒரு ஊரின் பரப்பு இருக்கிறது. ஹெர்குலேனியத்தில் ஒரு வீட்டின் உள்புறம் இருக்கிறது. குறுகிய பயணத்துக்கு இந்த இரண்டில் எது உங்களுக்கு வேண்டும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பொம்பெயி கேட்பதும் கொடுப்பதும்

பொம்பெயியின் மதில்களுக்குள் சுமார் 66 ஹெக்டேர் இருக்கிறது. 1748-இல் தொடங்கிய அகழாய்வு இன்னும் முடியவில்லை. மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்கடியில்தான். வெளியே எடுத்திருப்பதை முழுக்கப் பார்க்கவே ஒரு நாள் போதாது. முக்கியமான இடங்கள் ஊரின் நான்கு மூலையிலும் சிதறிக் கிடக்கின்றன. செந்நிறச் சுவரோவியங்களுக்குப் பேர்போன மர்மங்களின் மாளிகை வடமேற்கே மதிலுக்கு வெளியே இருக்கிறது. ஆம்ஃபிதியேட்டர் என்ற நீள்வட்ட விளையாட்டரங்கு தென்கிழக்குக் கோடியில். இரண்டையும் பார்க்க ஊரைக் குறுக்கே நடந்தாக வேண்டும், அதுவும் மேடுபள்ளமான எரிமலைக்கல் பாவிய தெருவில். நிழல் மிகவும் குறைவு. ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் நடுப்பகலில் இதைச் செய்வது நம் ஊர் வெயிலுக்குப் பழகினவர்களுக்கும் கஷ்டம்தான்.

அதற்குக் கைம்மாறாகக் கிடைப்பதும் பெரிது. ஒரு ரோமானிய நகரத்தின் தெருவில் நின்று, அது எங்கே முடிகிறது என்று தெரியாமல் நடக்கும் அனுபவம் வேறு எங்கும் கிடைக்காது. ஃபோரம் என்ற பொதுவெளியில் நின்று வடக்கே பார்த்தால், இடிந்த ஜூபிடர் கோயிலுக்குப் பின்னால் வெசுவியஸ் நிற்கும். தெருவைக் கடக்க இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை உயரமான கற்களை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். தெருவில் தண்ணீரும் கழிவும் ஓடும்போது கால் நனையாமல் தாண்டுவதற்கு. அந்தக் கற்களின் இடைவெளியில் வண்டிச் சக்கரங்கள் தேய்த்த பள்ளம் விரல் நுழையும் ஆழத்துக்கு இருக்கும். குனிந்து தொட்டுப் பாருங்கள். ஒரு ஊர் எவ்வளவு காலம் ஓயாமல் உழைத்தது என்பதை அந்தப் பள்ளம் சொல்லும்.

2023 ஜனவரியில் இருபதாண்டு சீரமைப்புக்குப் பிறகு திறந்த ‘வெட்டி’ (Vettii) இல்லத்தைத் தவறவிடக் கூடாது. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றுப் பணக்காரர்களான இரண்டு பேருடைய வீடு. புதுப்பணத்தின் ஆடம்பரம் ஒவ்வொரு சுவரிலும் தெரியும். 2020 கடைசியில் வெளியுலகம் பார்த்த தெருவோர உணவுக் கடையின் மேடையில், வாத்தும் சேவலும் வரைந்த ஓவியம் வண்ணம் மங்காமல் இருக்கிறது. தப்பியோடியவர்களின் தோட்டத்தில் 13 பேரின் வார்ப்புருவங்கள் கிடக்கின்றன. இறந்தவர்களின் உடல் மக்கிப்போய், இறுகிய சாம்பலுக்குள் வெற்றிடமாக மிஞ்சிய அச்சில் சாந்து ஊற்றி எடுக்கும் முறையை 1863-இல் தொல்லியலாளர் ஜுசெப்பே ஃபியொரெல்லி கொண்டுவந்தார். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது. சில குழந்தைகள் அதைப் பார்த்து இரவு தூங்க மாட்டார்கள்.

பொம்பெயிக்குக் குறைந்தது ஐந்து மணி நேரம் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்று நினைத்துப் போகிறவர்கள் ஃபோரத்தையும், கூட்டம் வரிசையில் நிற்கும் பழைய விலைமாதர் விடுதியையும், ஒன்றிரண்டு வீடுகளையும் பார்த்துவிட்டு, எல்லாம் ஒரே மாதிரி இடிந்த சுவர்தானே என்று களைத்துத் திரும்புகிறார்கள். குறை ஊர் மேல் இல்லை. அவ்வளவு பெரிய இடத்துக்கு அவ்வளவு குறைந்த நேரம் ஒதுக்கியதுதான் குறை.

கூட்டமும் ஒரு விஷயம். 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று உச்சவரம்பு வைத்து, பெயர் பொறித்த சீட்டு கொடுக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரையே சீட்டில் கொடுங்கள். 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பையை உள்ளே விடமாட்டார்கள். பெட்டியும் கையுமாக ரயிலிறங்கி நேரே உள்ளே போக முடியாது என்று பொருள்.

ஹெர்குலேனியம்: இறங்கிப் போகும் ஊர்

இன்றைய எர்கொலானோ ஊரில் ரயிலை விட்டு இறங்கி, கடலை நோக்கிச் சரியும் நேர்த்தெருவில் பத்து நிமிடம் நடந்தால் வாசல் வந்துவிடும். உள்ளே நுழைந்ததும் நீங்கள் நிற்பது இன்றைய தரைமட்டத்தில். பழைய ஊர் கீழே கிடக்கிறது, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல. அகழ்ந்த பள்ளத்தின் விளிம்பிலேயே இன்றைய ஊரின் அடுக்குமாடிகள் நிற்கின்றன, பால்கனிகளில் துணி காய்கிறது. பழைய ஊரின் பெரும்பகுதி அந்த வீடுகளுக்கு அடியில்தான் இருக்கிறது. அகழ்ந்து திறந்திருப்பது ஏறக்குறைய நாலரை ஹெக்டேர் மட்டுமே. இரண்டரை மணி நேரத்தில் ஒரு தெருகூட விடாமல் பார்த்துவிடலாம். வயதான பெற்றோருடன் போகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் முதலில் மரத்தைச் சொல்வேன். மரத்தடுப்பு வீடு என்று பெயர்பெற்ற வீட்டில், வரவேற்பு முற்றத்தையும் உள்ளறையையும் பிரிக்கும் மடக்குத் தடுப்பு கரியாகி நிற்கிறது. அதன் சட்டங்களும் உலோகப் பிடிகளும் அப்படியே இருக்கின்றன. வீட்டுக்காரர் வந்தவரைக் காக்கவைத்து, பிறகு தடுப்பைத் திறந்து வரவேற்கிற காட்சியை நீங்களே மனத்தில் ஓட்டிப் பார்க்கலாம். நெப்டியூன் - ஆம்ஃபிட்ரைட் வீட்டின் உள்முற்றச் சுவரில், கண்ணாடிச் சில்லுகளால் பதித்த கடல்தெய்வத் தம்பதியின் நீலமும் பச்சையும் பொன்னும் நேற்றுப் பதித்தது போலத் துலங்கும். அதை ஒட்டியே ஒரு கடை. கரியாகிப்போன மர அடுக்கில் மதுச்சாடிகள் படுத்த நிலையில் இருக்கின்றன.

அந்தச் சாடிகளின் முன்னால் தமிழர் ஒருவர் கொஞ்சம் கூடுதலாக நிற்கலாம். புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டிலும், பழைய முசிறி என்று பலர் கருதும் கேரளத்துப் பட்டணத்திலும் கிடைத்த ரோமானியச் சாடிச் சில்லுகளில் ஒரு பகுதி, இதே நேப்பிள்ஸ் வளைகுடாப் பக்கம் வனைந்தவை. களிமண்ணில் கலந்திருக்கும் கருப்பு எரிமலை மணலை வைத்து ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். இந்த மலையடிவாரத்து மதுதான் கப்பலேறி நம் கரைக்கு வந்தது. திரும்பிப் போன கப்பலில் மிளகு போயிற்று.

கடைசியாக, பழைய கடற்கரை. எரிமலை கக்கியது கடலையே தள்ளிவிட்டது. இன்று அங்கிருந்து கடல் தெரிவதுகூடக் கடினம். வெகுகாலம் இந்த ஊர்க்காரர்கள் பெரும்பாலும் தப்பிவிட்டார்கள் என்றே நினைத்தார்கள், ஊருக்குள் எலும்புக்கூடுகள் மிகக் குறைவாகவே கிடைத்ததால். 1980-களில் கடலோரத்துப் படகுக் கொட்டகைகளைத் திறந்தபோது சுமார் 300 பேர் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். கடல்வழியே மீட்க யாராவது வருவார்கள் என்று காத்திருந்தவர்கள். அந்தக் கடற்கரையை 2024-இல் சீரமைத்து, பொதுமக்கள் இறங்கி நடக்கும்படி திறந்திருக்கிறார்கள். பொம்பெயியின் வார்ப்புருவங்களைவிட இந்தக் கொட்டகைகள் என்னை அதிகம் உலுக்கின. அங்கே ஒருவர் இருவராகப் பார்க்கிறோம். இங்கே தாயும் பிள்ளையும் அக்கம்பக்கத்தாருமாக ஒரு தெரு மொத்தமும் கிடக்கிறது.

ஹெர்குலேனியத்தில் இல்லாதவையும் உண்டு. பெரிய ஃபோரம் கிடையாது. ஆம்ஃபிதியேட்டர் கிடையாது. நாடக அரங்கு மண்ணுக்கடியில் சுரங்கத்தில் இருக்கிறது. ஊருக்கு வெளியே இருந்த பாப்பிரஸ் மாளிகையில் பதினெட்டாம் நூற்றாண்டில் கிடைத்த கருகிய ஏட்டுச்சுருள்களைப் பிரிக்காமலேயே, கணினி உதவியால் வரிவரியாகப் படித்து வருகிறார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மாளிகையைப் பார்க்கலாம் என்று போனால் ஏமாற்றம்தான். அதன் பெரும்பகுதி இன்னும் புதைந்தே கிடக்கிறது.

முடிவைத் தீர்மானிப்பது அருங்காட்சியகம்

இரண்டு ஊர்களையும் ஒப்பிடுகிறவர்கள் இந்த மூன்றாவது இடத்தை மறந்துவிடுகிறார்கள். நேப்பிள்ஸை ஆண்ட போர்போன் அரசர்கள் 1738-இல் ஹெர்குலேனியத்திலும் பத்தாண்டு கழித்துப் பொம்பெயியிலும் தோண்டத் தொடங்கியபோது, கிடைத்த நல்ல பொருட்களை அங்கே விட்டுவைக்கவில்லை. சுவரோவியங்களை வெட்டியெடுத்தார்கள், தரைப்பதிப்புகளைப் பெயர்த்தார்கள், வெண்கலச் சிலைகளை அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். இன்று அவை நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில். பொம்பெயியின் ஃபான் இல்லத்தில் தரையில் நீங்கள் பார்க்கும் அலெக்சாந்தர் போர்க்காட்சி நகல்தான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு கற்களால் ஆன மூலம் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. அதன் சீரமைப்பு சில ஆண்டுகளாக நடந்துவருவதால் காட்சிக்கு இருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான் அங்கே எல்லோருக்கும் காட்ட ஆசைப்படுவது ஒரு ரொட்டியை. ஹெர்குலேனியத்தில் கிடைத்தது. கரிக்கட்டையாகிவிட்டது, ஆனாலும் துண்டு துண்டாகப் பிய்த்துத் தின்னப் போட்ட கீறல்கள் தெளிவாக இருக்கின்றன. விளிம்பில் ஒரு முத்திரை: குவிண்டஸ் கிரானியஸ் வேருஸ் என்பவரின் அடிமை கேலெர் என்று. ஊர்ப் பொது அடுப்பில் வேகும்போது ரொட்டி மாறிப்போகாமல் இருக்கப் போட்ட அடையாளமாக இருக்கலாம். பளிங்குச் சிலைகளுக்கு நடுவில் அந்த அடிமையின் பெயர் இரண்டாயிரம் ஆண்டு நின்றுவிட்டது.

1938-இல் பொம்பெயியின் முக்கியத் தெருவிலிருந்த வீடொன்றில் கிடைத்த தந்தச் சிற்பமும் இங்கேதான் இருக்கிறது. சுமார் 25 சென்டிமீட்டர் உயரம். கழுத்தும் கையும் காலும் நிறைய நகை பூண்ட ஒரு பெண், இரண்டு பக்கமும் சிறு தோழிகள். பொம்பெயி லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டார்கள். யட்சியாக இருக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. தக்காணத்தில் செதுக்கியது என்பதே பெரும்பாலோர் கருத்து. பாலியல் சார்ந்த பொருட்களைத் தனியே வைத்திருக்கும் இரகசிய அறையில் இதைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்பது தெரியாமல் பலர் தேடி அலைகிறார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ளவும்.

இன்னொரு தொடர்பும் இங்கே உண்டு. வெசுவியஸ் வெடித்தபோது வளைகுடாவின் மறுகரையில் கடற்படைத் தலைவராக இருந்த மூத்த பிளினி, மக்களை மீட்கக் கப்பலில் புறப்பட்டுக் கரையிலேயே இறந்தார். அவருடைய சகோதரி மகன் எழுதிய கடிதங்களிலிருந்துதான் அந்த அழிவின் நேரடி விவரம் உலகத்துக்குக் கிடைத்தது. அதே மூத்த பிளினிதான் முசிறித் துறைமுகத்தையும், பாண்டியனையும், அவன் தலைநகர் மதுரையையும் தம் நூலில் குறித்தவர். ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று வருந்தியவர். இந்த வளைகுடாவில் நின்று அதை நினைத்துப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அருங்காட்சியகத்துக்கு மூன்று மணி நேரம் வேண்டும். இதைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால்தான் ஹெர்குலேனியத்தின் பலம் புரியும். ஹெர்குலேனியமும் அருங்காட்சியகமும் ஒரே நாளில் நிதானமாக முடியும். பொம்பெயியும் அருங்காட்சியகமும் ஒரே நாளில் முடியாது. முடிந்தாலும் இரண்டாவதைப் பார்க்கக் காலில் தெம்பு இருக்காது. பொம்பெயியையும் ஹெர்குலேனியத்தையும் ஒரே நாளில் பார்க்கும் தொகுப்புச் சுற்றுலாக்களும் இருக்கின்றன. வேண்டாம். மாலையில் எந்த ஓவியத்தை எந்த ஊரில் பார்த்தோம் என்பதே நினைவிருக்காது.

அப்படியானால் பொம்பெயி யாருக்கு?

ரோமானிய வரலாற்றில் ஊறியவர்களுக்கு. நகரமைப்பு, கட்டடக்கலை படித்தவர்களுக்கு. ஏப்ரல், மே அல்லது அக்டோபரில் போய், காலையில் வாசல் திறக்கும்போதே நுழைந்து, மாலை வரை உள்ளே இருக்கத் தயாராக உள்ளவர்களுக்கு. வாழ்நாள் ஆசையாகப் பொம்பெயியை மனத்தில் வைத்திருப்பவர்களுக்கும் நான் வேறு யோசனை சொல்ல மாட்டேன். அவர்கள் முழு நாளையும் அதற்கே கொடுக்கட்டும், மறுநாள் அருங்காட்சியகம் போகட்டும். சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்களுக்கும் பொம்பெயியில் ஒரு வழி உண்டு: ஆம்ஃபிதியேட்டர் பக்க வாசலிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் மேடுபள்ளம் குறைத்து ஒரு பாதையைச் சீர்செய்திருக்கிறார்கள்.

பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஹெர்குலேனியம். கதவு, கட்டில், கடை, மாடிப்படி எல்லாம் கண்ணுக்குத் தெரிவதால் ஒவ்வொன்றையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் போகிறவர்களுக்கும் அதுதான். நிழலுக்கு ஒதுங்கக் கூரையுள்ள வீடுகள் பல உண்டு.

எங்கே தங்குவது

ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி பத்து நிமிடம்தான். அதைப் பார்த்துவிட்டு ஒரு நாளில் போய்வரலாம் என்று தோன்றும். நேப்பிள்ஸிலிருந்து பொம்பெயிக்கு உள்ளூர் ரயிலில் இன்னும் முப்பத்தைந்து நாற்பது நிமிடம், இடையில் காத்திருப்பு, ஸ்டேஷனுக்குப் போகும் நேரம் எல்லாம் சேர்த்தால் போக வர ஐந்து மணி நேரம் கரைந்துவிடும். அந்த ஐந்து மணி நேரம்தான் அருங்காட்சியகமும் பழைய ஊரும்.

சொரெந்தோ அழகான, அமைதியான கடலோர ஊர். அமால்ஃபி கரை, காப்ரி தீவு என்று போகிறவர்களுக்கு அதுவே வசதி. இரண்டே நாள் இருந்து, பழமையைப் பார்ப்பது நோக்கம் என்றால், நேப்பிள்ஸுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் வருவது வீண்.

நேப்பிள்ஸுக்குள் தங்க நான் சொல்வது அருங்காட்சியகத்துக்கும் தாந்தே சதுக்கத்துக்கும் இடைப்பட்ட பகுதி. லைன் 1 மெட்ரோ அங்கிருந்து மத்திய ரயில் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் நேரே போகிறது. பழைய ஊர் நடந்து போகும் தூரம். இத்தாலியில் இலங்கையர் அதிகமாக வாழும் நகரங்களில் நேப்பிள்ஸும் ஒன்று என்பதால், பருப்பும் மிளகாய்த்தூளும் விற்கும் கடைகள் கண்ணில் படும். ரயில் நிலையத்துக்கு எதிரில் அறை வாடகை குறைவு, ஆனால் இரவில் குடும்பத்தோடு நடக்க அவ்வளவு சுகமான இடமில்லை. பழைய ஊரின் நடுவில் தங்கினால் நள்ளிரவு வரை ஸ்கூட்டர் சத்தம் கேட்கும். பல கட்டடங்களில் லிஃப்டும் கிடையாது.

பொம்பெயி, எர்கொலானோ இரண்டுக்கும் போவது சிர்க்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயில். சொரெந்தோ போகும் வண்டியில் ஏறுங்கள். பழைய பெட்டிகள், நெரிசல், தாமதம் மூன்றுக்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். பிக்பாக்கெட் உண்டு; பர்ஸை முன்பக்கம் வையுங்கள். கட்டணம் சில யூரோக்கள்தான்.

ஊருக்குள் பார்க்க வேண்டியவை

கிரேக்கர்கள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வகுத்த நேர்த்தெருக்களிலேயே நேப்பிள்ஸ்காரர்கள் இன்றும் நடக்கிறார்கள். ஊரை இரண்டாகப் பிளக்கும் ஸ்பாக்கா நாப்போலி தெருவிலும் அதற்கு இணையான திரிபுனாலி தெருவிலும் மேலும் கீழுமாக ஒரு மாலை நடந்தாலே போதும். சான்செவெரோ சிற்றாலயத்துக்கு மட்டும் கண்டிப்பாக முன்பதிவு செய்யுங்கள். ஜுசெப்பே சான்மார்த்தினோ 1753-இல் செதுக்கிய, முகத்திரை போர்த்திய கிறிஸ்து அங்கே கிடக்கிறார். திரையும் உடலும் ஒரே பளிங்குக் கல். திரைக்கடியில் நெற்றி நரம்பு தெரியும்.

நிலத்தடியைப் பார்க்க இரண்டு வழி. சுமார் 40 மீட்டர் ஆழத்தில் இருக்கும் பழைய நீர்வழிச் சுரங்கங்களுக்கு நேப்பிள்ஸ் சோத்தெரானேயா சுற்றுலாவில் போகலாம். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு மக்கள் ஒளிந்திருந்த இடம். குறுகலான பகுதிகள் உண்டு, மூச்சு முட்டுகிறவர்களுக்கு வேண்டாம். அவர்களுக்குச் சான் லொரென்சோ தேவாலயத்தின் அடியிலுள்ள ரோமானியச் சந்தைத் தெரு போதும். கூட்டமும் குறைவு, எனக்கு இதுவே பிடித்தது.

சைவர்களுக்கு மரினாரா பீட்சா: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், பாலாடைக்கட்டிகூடக் கிடையாது. ஸ்ஃபொல்யத்தெல்லா என்ற இனிப்பு மடிப்புப் பலகாரத்திலும், மிளகு போட்ட தராலி என்ற மொறுமொறு வளையத்திலும் வழக்கமாகப் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். பார்த்தால் தெரியாது, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வெசுவியஸ் மலையேற்றமும் காப்ரி தீவும் மூன்றாவது நாள் இருந்தால்தான். மலையில் பேருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் வரை போகும். அதற்கு மேல் சரளைக்கல் பாதையில் ஏற வேண்டும். நேரம் குறித்த சீட்டை இணையத்தில் முன்பே எடுக்க வேண்டும். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. கல்லூரி வயதுப் பிள்ளைகள் உடன் வந்தால் ஹெர்குலேனியத்தோடு இதைச் சேர்க்கலாம்.

எந்தக் கிழமை, எந்த வரிசை

அருங்காட்சியகமும் சான்செவெரோவும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்று இடிபாடுகளுக்குப் போய்விடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களிலும் தொல்லியல் தளங்களிலும் அனுமதி இலவசம். கூட்டம் அலைமோதும், குறுகிய பயணத்தில் அந்த நாளைத் தவிர்ப்பதே லாபம். குளிர்காலத்தில் இடிபாடுகளை மாலை 5 மணிக்கே மூடிவிடுவார்கள். அருங்காட்சியகம் இரவு ஏழரை வரை திறந்திருக்கும். ஆகவே எந்த நாளிலும் காலையில் இடிபாடு, பிற்பகலில் அருங்காட்சியகம் என்ற வரிசையே சரி.

என்ன செய்தும் ஒரே நாள்தான் கிடைக்கிறது, ரோமிலிருந்து வந்து திரும்பியே ஆக வேண்டும் என்றால், இந்த வரிசையையே சுருக்கிக்கொள்ளுங்கள். ரோமிலிருந்து முதல் அதிவேக ரயில்களில் ஒன்றைப் பிடித்து, நேப்பிள்ஸில் இறங்கியதும் பெட்டியைப் பாதுகாப்பறையில் போட்டுவிட்டு, கீழ்த்தளத்தில் சிர்க்கும்வெசுவியானா ஏறினால் இருபது நிமிடத்தில் எர்கொலானோ. பகல் ஒரு மணிக்குள் திரும்பி, மரினாரா சாப்பிட்டுவிட்டு, அருங்காட்சியகத்தில் முதல் வேலையாக இரகசிய அறை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஏழு மணி வாக்கில் வெளியே வந்தாலும், வாசலருகே உள்ள மெட்ரோவில் மத்திய நிலையம் ஆறு நிறுத்தம்தான். எட்டு மணிக்கு மேல் கிளம்பும் ரோம் ரயிலில் சீட்டு எடுத்து வையுங்கள்.